வசதி உரிமம் (தொலைத்தொடர்பு)

வசதி உரிமம் என்பது தொலைபேசி இணைப்பகம், ரவுட்டர், செல்பேசிக் கோபுர நிலையம் முதலிய தொலைத்தொடர்புக் கருவிகளில் ஏற்கெனவே அடங்கியுள்ள ஒரு வசதியையோ கொள்ளளவையோ பயன்படுத்திக்கொள்ள, அக்கருவியின் உற்பத்தியாளர் சேவை நிறுவனத்துக்கு வழங்கும் அனுமதி ஆகும். இது பெரும்பாலும் ஒரு சிறு கோப்பாகவோ, எழுத்துகளும் எண்களும் கலந்த நீண்ட சரமாகவோ அமையும். பின்னது உரிமச் சாவி எனப்படும். சாவி ஏற்றப்படும் வரை அவ்வசதி கருவியினுள் இருந்தும் இயங்காது. தமிழ்நாட்டின் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களைப் போலச் சிற்றூர்கள் பரந்து கிடக்கும் பகுதிகளில், பல நூறு இடங்களில் உள்ள சிறு கருவிகளின் உரிமங்களைக் கணக்கு வைத்துப் பேணுவது வலையமைப்புப் பராமரிப்பின் முக்கியமான பகுதியாகும்.

சொற்குழப்பம்

தொலைத்தொடர்பில் "உரிமம்" என்ற சொல் இரண்டு வேறுபட்ட பொருள்களில் வழங்குகிறது. சேவை நடத்த அரசு நிறுவனங்களுக்கு வழங்கும் உரிமம் ஒன்று. உற்பத்தியாளர் கருவிக்கு வழங்கும் மென்பொருள் உரிமம் மற்றொன்று. செய்தித்தாள்களில் அடிபடுவது பெரும்பாலும் முதலாவதே. பெரம்பலூர் தொகுதியின் மக்களவை உறுப்பினராக இருந்த ஆ. இராசா 2007 மே முதல் 2010 நவம்பர் வரை நடுவண் தொலைத்தொடர்பு அமைச்சராகப் பணியாற்றினார். அக்காலத்தில், 2008 சனவரியில் வழங்கப்பட்ட உரிமங்கள் உட்பட 122 உரிமங்களை உச்ச நீதிமன்றம் 2012 பெப்ரவரி 2 அன்று இரத்து செய்தது. இது தொடர்பான குற்ற வழக்கில் அவரையும் ஏனையோரையும் தில்லி சிறப்பு நீதிமன்றம் 2017 திசம்பர் 21 அன்று விடுதலை செய்தது. அதை எதிர்த்த மேல்முறையீட்டைத் தில்லி உயர் நீதிமன்றம் 2024 மார்ச்சில் விசாரணைக்கு ஏற்றது. அவையெல்லாம் அரசு உரிமம் பற்றியவை. இக்கட்டுரை இரண்டாவது பொருளை மட்டுமே எடுத்துக்கொள்கிறது.

வரலாறு

பழைய ஸ்ட்ரௌசர், கிராஸ்பார் இணைப்பகங்களில் ஒரு வசதி என்பது ஒரு வன்பொருளே ஆகும். புதிய வசதி வேண்டுமெனில் புதிய ரிலேக்களையும் கம்பிகளையும் பொருத்த வேண்டும். 1965-இல் அமெரிக்காவின் நியூ செர்சி மாநிலத்தில் உள்ள சக்கசன்னா என்னும் ஊரில் நிறுவப்பட்ட 1ஈஎஸ்எஸ் இணைப்பகம் நினைவகத்தில் சேமித்த நிரலால் இயங்கியது. அது முதல் அழைப்பைத் திருப்பிவிடல், சுருக்க எண் சுழற்றல் போன்றவை நிரலின் பகுதிகளாயின. நிரலில் உள்ள ஒன்றைப் பூட்டி வைக்கலாம், பின்னர் திறந்தும் விடலாம். உற்பத்தியாளர்கள் வசதிகளைத் தனித்தனியாக விலை வைத்து விற்பதற்கு இதுவே வழி வகுத்தது.

இந்தியாவுக்கு இம்மாற்றம் 1980-களில் வந்தது. பிரான்சின் அல்காட்டெல் நிறுவனத்தின் நுட்பத்தைக் கொண்டு உத்தரப் பிரதேசத்தின் மங்காப்பூரில் இ10பி வகை இணைப்பகங்கள் தயாரிக்கப்பட்டன. 1984 ஆகத்தில் அரசு தொடங்கிய சி-டாட் என்னும் ஆய்வு மையம், சிற்றூர்களுக்கென 128 முனைகள் கொண்ட சிறு இணைப்பகம் ஒன்றை வடிவமைத்தது. குளிரூட்டும் வசதி இல்லாத அறையிலும் இயங்கக்கூடிய இது, 1986-இல் கர்நாடகத்தின் கித்தூரில் முதலில் நிறுவப்பட்டது. சி-டாட் தன் நுட்பத்தை உள்நாட்டு உற்பத்தி நிறுவனங்கள் பலவற்றுக்கு மாற்றிக் கொடுத்தது. ஆகவே இந்தியச் சிற்றூர்களின் முதல் தலைமுறை மின்னணு இணைப்பகங்களில் "உரிமம்" என்பது தொழிற்சாலை செலுத்திய நுட்பக் கட்டணத்தையே பெரும்பாலும் குறித்தது.

பொதுமக்கள் நேரடியாகக் கண்ட வசதித் திறப்பு எஸ்.டி.டி. பூட்டு ஆகும். வீட்டுத் தொலைபேசியிலிருந்து மறைகுறி எண்ணைச் சுழற்றினால் வெளியூர் அழைப்பு பூட்டப்படும், மீண்டும் சுழற்றினால் திறக்கும். இது சேவை நிறுவனம் வாடிக்கையாளருக்குக் கொடுத்த வசதி. இதே பூட்டும் திறப்பும் ஒரு படி மேலே, உற்பத்தியாளருக்கும் சேவை நிறுவனத்துக்கும் இடையே நிகழ்வதே வசதி உரிமம்.

இயங்கும் முறை

உரிமக் கோப்பில் பொதுவாகக் கருவியின் அடையாள எண், திறக்கப்படும் வசதிகளின் பட்டியல், ஒவ்வொன்றின் அளவு, காலாவதி நாள் ஆகியன இருக்கும். உற்பத்தியாளர் தம்மிடம் மட்டும் உள்ள மறைச்சாவியால் இவற்றின் மீது எண்ணிமக் கையொப்பம் இடுவார். கருவியில் பதிந்துள்ள பொதுச்சாவி அக்கையொப்பத்தைச் சரிபார்க்கும். கோப்பில் 100 என்பதை 1000 எனத் திருத்தினால் கையொப்பம் பொருந்தாது, கருவி கோப்பை ஏற்காது. சரபார்ப்பு முடிந்த பின்னும் வசதி தானாக ஓடத் தொடங்குவதில்லை. உரிமம் ஏற்றுவது ஒரு வேலை. அமைவடிவத்தில் அவ்வசதியை இயக்குவது வேறொரு வேலை. புதிதாகப் பயில்வோர் பலர் முதல் வேலையோடு நின்று, வசதி ஏன் இயங்கவில்லை என்று தேடுவது வழக்கம்.

அடையாள எண் எதனுடையது என்பது கருவிக்குக் கருவி மாறும். சிலவற்றில் அது பெட்டகத்தின் தொடர் எண், வேறு சிலவற்றில் கட்டுப்பாட்டு அட்டையின் எண். மெய்நிகர் கணினிகளில் ஓடும் அண்மைக்கால வலையமைப்பு மென்பொருள்களுக்குப் பெட்டகமே இல்லை. அவை உரிம வழங்கியோடு தொடர்பு கொண்டு, பொதுத் தொகுப்பிலிருந்து தேவையான அளவை எடுத்துக்கொள்கின்றன.

சிஸ்கோ நிறுவனம் 2009-இல் வெளியிட்ட ரவுட்டர் வரிசையில் எல்லா வசதிகளும் அடங்கிய ஒரே மென்பொருளை வைத்து, பாதுகாப்பு, குரல், தரவு ஆகிய தொகுதிகளை உரிமத்தால் திறக்கும் முறையைக் கொண்டு வந்தது. அதற்கு முன்னர் ஒவ்வொரு தொகுதிக்கும் வேறு வேறு மென்பொருளை ஏற்ற வேண்டியிருந்தது. உரிமம் இல்லாத நிலையில் கருவிகள் நடந்துகொள்ளும் விதமும் ஒன்றல்ல. யூனிப்பர் கருவிகளில் பல வசதிகள் உரிமம் இன்றியும் ஓடும், எச்சரிக்கைச் செய்தி மட்டும் வந்துகொண்டிருக்கும். வேறு சில, சலுகை நாள்கள் முடிந்ததும் வசதியை நிறுத்திவிடும். எந்தக் கருவி எவ்வகை என்பதை வாங்கும் போதே அறிந்திருப்பது நல்லது.

செல்பேசிக் கோபுர நிலையங்களில் வசதியை விடக் கொள்ளளவு உரிமங்களே மிகுதி. ஒரே நேரத்தில் இணையக்கூடிய பயனர் எண்ணிக்கை, அலைக்கற்றையின் அகலம், அலைபரப்பியின் திறன், பயன்படுத்தும் அலைவாங்கிகளின் எண்ணிக்கை முதலியன தனித்தனியே எண்ணப்படுகின்றன. 40 வாட் திறனுள்ள அலைபரப்பி 20 வாட் உரிமத்தோடு கோபுரத்தில் தொங்குவதும் உண்டு. வாங்குபவர் தேவைக்கேற்ப விலை கொடுக்கலாம் என்பது இதன் நயம். சொந்தமாக வாங்கிய பொருளில் பாதி பூட்டியே கிடக்கிறது என்பது இதன் மீதான குறை.

காலாவதியும் சேவை முடக்கமும்

காலவரை கொண்ட எதுவும் கருவியினுள் இருந்தால் அது ஒரு நாள் முடிவுக்கு வரும். 2018 திசம்பர் 6 அன்று எரிக்சன் நிறுவனத்தின் மையக் கருவி ஒன்றின் குறிப்பிட்ட மென்பொருள் பதிப்புகளில் இருந்த சான்றிதழ் காலாவதியானது. சப்பானின் சாஃப்ட்பேங்க் வலையமைப்பில் ஏறத்தாழ 3 கோடிப் பயனர்கள் நான்கு மணி நேரத்துக்கும் மேலாகச் சேவை இழந்தனர். பிரித்தானியாவின் ஓ2 வலையமைப்பில் தரவுச் சேவை அன்று பகல் முழுதும் முடங்கியது. கோபுரங்களோ கம்பிகளோ பழுதாகவில்லை. காலாவதியானது வசதி உரிமம் அன்று, மென்பொருளின் உள்ளே இருந்த பாதுகாப்புச் சான்றிதழ். எனினும் இரண்டும் ஒரே வகையான ஆபத்தையே தருகின்றன: ஒரே நாளில் ஏற்றப்பட்டவை ஒரே நாளில் முடிவதால், ஒன்றுக்கு மாற்றாக வைத்திருக்கும் மற்றொரு கருவியும் அதே நொடியில் நின்றுவிடும்.

கருவியின் கடிகாரமும் இங்கே கவனிக்கத்தக்கது. மின்கலம் தீர்ந்து கடிகாரம் பல ஆண்டுகள் பின்னோக்கிப் போனால், இன்னும் தொடங்காத உரிமம் எனக் கருதி நல்ல உரிமத்தையும் கருவி மறுக்கக்கூடும். இதனால் வலையமைப்பின் நேர வழங்கியோடு எல்லாக் கருவிகளையும் இணைத்து வைப்பது வழக்கம்.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள்

பெரம்பலூர் மாவட்டம் 1995-இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து பிரிந்தது. அதிலிருந்து 2001-இல் அரியலூர் பிரிந்து, 2002-இல் மீண்டும் இணைந்து, 2007 நவம்பர் 23 அன்று இரண்டாம் முறையாகத் தனி மாவட்டமானது. வருவாய் எல்லைகள் இவ்வாறு மாறியபோதும் நிலைவழித் தொலைபேசியின் பகுதிக் குறியீடுகள் அவற்றைப் பின்பற்றி மாறவில்லை. பெரம்பலூருக்கு 04328, அரியலூருக்கு 04329, செயங்கொண்டத்துக்கு 04331 என்பவை வழங்குகின்றன. பி.எஸ்.என்.எல். அமைப்பில் இரு மாவட்டங்களும் திருச்சிராப்பள்ளித் தொலைபேசிப் பகுதியைச் சேர்ந்தவை.

பெரம்பலூர் மாவட்டத்தில் 4 ஒன்றியங்களும் 121 ஊராட்சிகளும், அரியலூர் மாவட்டத்தில் 6 ஒன்றியங்களும் 201 ஊராட்சிகளும் உள்ளன. சிற்றூர்களை ஒளியிழையால் இணைக்கும் திட்டம் 2011-இல் நடுவண் அரசால் ஏற்கப்பட்டு, பின்னர் பாரத்நெட் எனப் பெயர் பெற்றது. தமிழ்நாட்டில் இதன் இரண்டாம் கட்டத்தைத் தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனம் (டான்ஃபினெட்) 12,525 ஊராட்சிகளுக்கும் விநாடிக்கு 1 கிகாபிட் அளவில் இணைப்புத் தரும் நோக்கில் மேற்கொண்டது. ஊராட்சிக்கு ஒரு கருவி என்று வைத்துக்கொண்டாலே இவ்விரு மாவட்டங்களில் 322 தொடர் எண்கள் கணக்கில் வரும். ஒன்றியத் தலைமையிடக் கருவிகள் இதற்கு மேல்.

இத்தகைய வலையமைப்பில் உரிமம் கருவியோடு பிணைக்கப்பட்டிருந்தால் நேரும் சிக்கலை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். செயங்கொண்டத்தில் ஒரு கருவியின் கட்டுப்பாட்டு அட்டை இடி மின்னலால் பழுதாகிறது என்க. திருச்சியிலிருந்து மாற்று அட்டை சில மணி நேரத்தில் வந்துவிடும். ஆனால் அதன் தொடர் எண் வேறு. பழைய உரிமத்தைத் துறந்ததற்கான குறியீட்டைப் பெற்று, உற்பத்தியாளரின் தளத்தில் புதிய எண்ணுக்கு உரிமத்தை மாற்றி எழுதிக் கோப்பைப் பெற வேண்டும். பழுதான அட்டை உயிரோடு இல்லாததால் துறப்புக் குறியீட்டையே பெற முடியாது. அப்போது உற்பத்தியாளரின் உதவி மையத்துக்கு வாங்கிய ஆதாரங்களோடு எழுத வேண்டும். சலுகை நாள்களோ அவசரகால உரிமமோ உள்ள கருவியெனில் அட்டையைப் பொருத்தியவுடன் சேவை திரும்பிவிடும். இல்லையெனில் சரியான அட்டை பொருத்தப்பட்ட பின்னும் அப்பகுதி மக்கள் 112 என்ற அவசர எண்ணைக்கூட அழைக்க இயலாமல் போகலாம். அட்டையை விட அந்தக் கோப்பே நெடுந்தொலைவிலிருந்து வர வேண்டியிருக்கிறது.

கொள்ளளவு உரிமத்தில் வேறொரு சிக்கல் எழுகிறது. அரியலூர் மாவட்டத்தின் கங்கைகொண்ட சோழபுரத்தில் ஆடித் திருவாதிரை விழாவின் போது பெருங்கூட்டம் கூடும். 2025 சூலை 27 அன்று தலைமை அமைச்சர் நரேந்திர மோதி இவ்விழாவில் கலந்துகொண்டார். இது போன்ற நாளில் ஓரிரு கோபுரங்கள் நிரம்பி வழிய, சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள கோபுரங்கள் வெறுமனே கிடக்கும். கோபுரத்துக்கு 200 பயனர் எனத் தனித்தனியே உரிமம் பெற்ற பத்து நிலையங்கள் இருந்தால், மொத்தம் 2000 இருந்தும் கோயிலருகே 201-ஆவது பயனருக்கு இடமில்லை. அதே 2000 பொதுத் தொகுப்பாக இருந்தால், வன்பொருளும் அலைக்கற்றையும் இடம் தரும் வரை, கூட்டம் உள்ள இடத்துக்கு அளவை நகர்த்தலாம். பரந்த மாவட்டங்களுக்குத் தொகுப்பு முறையே பொருத்தமானது. ஆனால் தொகுப்பை நடத்தும் உரிம வழங்கியோடு தொடர்பு அறுந்தால் என்ன ஆகும் என்ற கேள்வி அங்கே புதிதாக முளைக்கிறது. இதனால், தொடர்பு அறுந்தாலும் குறிப்பிட்ட நாள்கள் வரை முன்பு பெற்ற அளவோடு இயங்க விடுவதை ஒப்பந்தத்திலேயே கேட்டுப் பெறுகின்றனர்.

இந்தியச் சட்ட நிலை

வெளிநாட்டு உற்பத்தியாளருக்குச் செலுத்தும் மென்பொருள் உரிமத் தொகை காப்புரிமைக் கட்டணமா, அல்லது பொருளின் விலையா என்பது நீண்ட நாள் வழக்காக இருந்தது. முன்னது எனில் இந்தியாவில் வரி பிடித்தம் செய்ய வேண்டும். செல்பேசி வலையமைப்புக் கருவியோடு வழங்கப்பட்ட மென்பொருளைக் கருவியிலிருந்து பிரித்துப் பார்க்க இயலாது என எரிக்சன் வழக்கில் தில்லி உயர் நீதிமன்றம் 2011-இல் தீர்ப்பளித்தது. 2021 மார்ச் 2 அன்று உச்ச நீதிமன்றம் மற்றொரு வழக்கில், பயன்படுத்தும் உரிமை மட்டும் தரப்படும் மென்பொருளுக்கான தொகை காப்புரிமைக் கட்டணம் ஆகாது எனத் தீர்ப்பளித்து, எரிக்சன் தீர்ப்பின் நோக்கையும் ஏற்றது.

2021 சூன் 15 முதல் நம்பகமான மூலங்களிலிருந்து பெற்ற கருவிகளை மட்டுமே சேவை நிறுவனங்கள் வலையமைப்பில் புதிதாக இணைக்க வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. பி.எஸ்.என்.எல். நிறுவனத்தின் 4ஜி வலையமைப்புக்கு, சி-டாட் உருவாக்கிய மைய மென்பொருளும் தேசசு நிறுவனத்தின் வானொலிக் கருவிகளும் டாட்டா கன்சல்டன்சி சர்வீசசு ஒருங்கிணைப்பில் பயன்படுத்தப்பட்டன. இது 2025 செப்டம்பர் 27 அன்று ஒடிசாவின் சார்சுகுடாவில் முறையாகத் தொடங்கி வைக்கப்பட்டது. 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம், சேவை நடத்த அரசு தரும் இசைவைக் குறிக்க உரிமம் என்பதை விடுத்து "அங்கீகாரம்" என்ற சொல்லைக் கையாள்கிறது.