விளையாட்டரங்குகளில் மதுபான விதிகள் (தமிழ்நாடு)

தமிழ்நாட்டில் மது விற்பனை தொடர்பான விதிகளுக்கு 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டமே அடிப்படை. ராஜாஜி அமைச்சரவை அவ்வாண்டு அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. சட்டப்படி தடையே பொது விதி. உரிமங்கள் எல்லாம் அதற்கு அளிக்கப்படும் விலக்குகள். 2003 நவம்பர் முதல் சில்லறை விற்பனை முழுவதும் அரசு நிறுவனமான டாஸ்மாக்கிடம் உள்ளது. கிளப்புகளுக்கும் நட்சத்திர விடுதிகளுக்கும் தனி உரிமங்கள் உண்டு. பார்வையாளர் திரளும் விளையாட்டரங்குக்கென ஓர் உரிமம் இந்த வரிசையில் நெடுங்காலம் இருந்ததில்லை.

அதை 2023 மார்ச்சில் செய்யப்பட்ட ஒரு திருத்தம் மாற்றியது. 1981ஆம் ஆண்டின் மதுபான உரிம, அனுமதி விதிகளில் எஃப்.எல்.12 என்ற சிறப்பு உரிமம் சேர்க்கப்பட்டது. மாவட்ட ஆட்சியரின் முன் ஒப்புதலுடன் மாநாட்டுக் கூடம், திருமண மண்டபம், விளையாட்டரங்கு ஆகியவற்றில் விருந்தினருக்கு மது பரிமாறலாம் என்றது அது. ஆண்டுப் பதிவுக் கட்டணம் மாநகராட்சியில் 1 லட்சம் ரூபாய், நகராட்சியில் 75,000, பிற இடங்களில் 50,000. மணமகள் அமரும் மண்டபமும் சென்னையின் சேப்பாக்கம் மைதானமும் ஒரே விதிக்குள் வந்தன. ஒன்றில் உறவினர் கூட்டம், மற்றொன்றில் முகமறியாப் பல்லாயிரம் பேர். கூட்டத்தின் தன்மையைப் பாராமல் ஊரின் தகுதியை மட்டும் வைத்துக் கட்டணம் வகுத்ததே இத்திருத்தத்தின் பெருங்குறை.

ஏப்ரல் 24 அன்று செய்தி பரவியதும் எதிர்ப்பு மூண்டது. திருமண மண்டபங்களுக்கு அனுமதி இல்லை என்று அன்றே அறிவித்த அமைச்சர் செந்தில் பாலாஜி, பிற மாநிலங்களில் உள்ளதுபோல் பன்னாட்டு விளையாட்டு நிகழ்ச்சிகளுக்கு மட்டும் அனுமதி தரப்படும் என்றார். விதியிலிருந்து மண்டபம் நீங்கியது, அரங்கு நீடித்தது. பாட்டாளி மக்கள் கட்சியைச் சேர்ந்த வழக்கறிஞர் கே. பாலு தொடர்ந்த பொதுநல வழக்கில், ஏப்ரல் 26 அன்று சென்னை உயர் நீதிமன்றம் திருத்தத்துக்கு இடைக்காலத் தடை விதித்தது.

பிற நாடுகளில் அரங்குகளில் மதுவைக் கட்டுப்படுத்தும் விதிகள் பெரும்பாலும் கலவரங்களை அடுத்தே பிறந்தன. 1980 மே 10 அன்று கிளாஸ்கோவின் ஹாம்ப்டன் பார்க்கில் செல்டிக், ரேஞ்சர்ஸ் கால்பந்து அணிகளின் ரசிகர்கள் ஆடுகளத்திலேயே மோதிக்கொண்டார்கள். அவ்வாண்டே ஸ்காட்லாந்து கால்பந்து அரங்குகளில் மதுவைத் தடை செய்தது. கத்தாரில் 2022 உலகக் கோப்பை தொடங்க இரண்டே நாள் இருக்கையில் அரங்க வளாகங்களில் பீர் விற்பனை நிறுத்தப்பட்டது. இங்கிலாந்தின் 1985ஆம் ஆண்டுச் சட்டம் நடுவழி கண்டது: கால்பந்து அரங்கினுள் மது விற்கலாம், ஆனால் ஆட்டத்தின்போது ஆடுகளம் கண்ணில் படும் இடத்தில் குடிப்பது குற்றம். தமிழ்நாட்டில் மது அருந்தும் வயது 21. குடும்பத்தோடும் பள்ளிப் பிள்ளைகளோடும் மக்கள் வரும் சேப்பாக்கத்தில் அந்த வயதை எந்த வாயிலில், யார் சரிபார்ப்பது என்பது கட்டணத்துக்கு முன்பே தீர்க்கப்பட வேண்டிய கேள்வி.