தேயிலையும் பருத்தியும் புகட்டும் பாடம்

ஆறு வயதுப் பிள்ளைக்குப் பொருளியல் கற்பிக்கலாம் என்று ஒருவர் கூறினால் கேட்போர் நகைக்கவே செய்வர். ஆயினும், 1960-களில் அமெரிக்கப் பேராசிரியர் லோரன்ஸ் செனெஷ், இந்தியானா மாநிலத்து எல்கார்ட் நகரப் பாடசாலைகளில் அதனைச் செய்து காட்டினார். நாம் விரும்புவன பல. கைக்கு எட்டுவன சில. ஆகவே ஒன்றைப் பெற மற்றொன்றை விடுதல் வேண்டும். இவ்வுண்மையை முதலாம் வகுப்புப் பிள்ளையும் தன் வீட்டிலேயே கண்டுகொள்ளும் என்பது அவர் துணிபு.

இம்முறை வரலாற்றுப் பாடத்திற்கும் பொருந்தும் என்பேன். 1773 டிசெம்பர் 16ஆம் நாள் இரவு, பொஸ்டன் துறைமுகத்தில் 342 தேயிலைப் பெட்டிகள் கடலில் எறியப்பட்டன. வரி உயர்ந்தது, மக்கள் வெகுண்டனர் என்று இக்கதையை முடித்துவிடுவது எளிது. உண்மையோ வேறு. அவ்வாண்டின் தேயிலைச் சட்டம் விலையைக் குறைக்கவே வழி செய்தது. அப்படியாயின், மலிந்த தேயிலையை எவரேனும் எறிவரோ?

இக்கேள்வியைப் பிள்ளைகளிடமே விட்டுப் பாருங்கள். றாத்தலுக்கு 3 பென்ஸ் என்ற பழைய தீர்வை நீங்கவில்லை. அதனைச் செலுத்தினால், தம் பிரதிநிதிகள் இல்லாத பாராளுமன்றம் தமக்கு வரி விதிப்பதை ஏற்றதாகிவிடும் என்று குடியேற்றவாசிகள் கருதினர். கிழக்கிந்தியக் கொம்பனி தான் தெரிந்த முகவர் வாயிலாகவே விற்க முற்பட்டதால், ஏனைய வணிகர் வாணிபம் இழக்கும் நிலை தோன்றிற்று. ஒல்லாந்தத் தேயிலையைக் கள்ளமாய்க் கொணர்ந்தோருக்கும் நட்டம் காத்திருந்தது. உரிமை வேட்கையும் வாணிப நலனும் அவ்விரவில் ஒன்றுகூடின. இதனை அறிவதால் அப்போராட்டத்தின் பெருமை குன்றாது. போராடியோர் மனிதராய்த் தெரிவர்.

இனி, கடினமான பாடம் ஒன்று. 1793இல் இலாய் விட்னி பருத்தியிலிருந்து விதையைப் பிரிக்கும் பொறியை அமைத்தார். வேலையைக் குறைக்கும் பொறி வந்ததால் அடிமைகளின் துயரும் குறைந்திருக்கும் என்று பிள்ளைகள் விடை கூறுவர். நிகழ்ந்ததோ மறுதலை. விதை நீக்கும் செலவு குறையவே, பருத்தி பேரிலாபம் தரும் பயிராயிற்று. இங்கிலாந்தின் ஆலைகள் அதனை வாங்கிக் குவித்தன. புதிய நிலங்கள் திருத்தப்பட்டன. நடவும் பறிக்கவும் மேலும் கைகள் வேண்டப்பட்டன. தாயும் பிள்ளையும் தனித்தனியே விற்கப்பட்டனர். 1790இல் ஏறத்தாழ 7 இலட்சமாயிருந்த அடிமைகளின் தொகை 1860இல் ஏறத்தாழ 40 இலட்சமாயிற்று.

சிறுவர்க்கு இத்துயர் எதற்கு என்று சிலர் வினவலாம். இலாபத்தை மட்டும் சொல்லி, அதற்கு விலை கொடுத்தவரை மறைத்தால், வரலாறும் பொய்யாகும், பொருளியலும் பொய்யாகும். இச்சட்டை மலிவாய்க் கிடைத்ததே, அதற்காக உழைத்தவர் யார், அவருக்குக் கிடைத்தது யாது என்று ஒரு பிள்ளை கேட்கத் தொடங்குமாயின், ஆசிரியர் தம் பணியைச் செவ்வனே செய்தவராவார்.