லிக்னைட்
(சொல்லும் நெய்வேலியில் அதன் வரலாறும்)

லிக்னைட்: பெயர்ச்சொல். மண்ணில் புதைந்த மரமும் தழையும் முற்றிய நிலக்கரி ஆகுமுன் இடைநிலையில் நிற்கும் எரிபொருள். பழுப்பு நிலக்கரி என்றும் வழங்கும். நெய்வேலியில் வெட்டப்படுவதன் எடையில் ஏறத்தாழப் பாதி ஈரம்.

மரத்தைக் குறிக்கும் 'லிக்னம்' என்ற இலத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சில் உருவாகி, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்துக்கு வந்தது. லிக்னத்தைப் 'பொறுக்கிச் சேர்த்தல்' என்னும் பொருளுடைய வேரோடு இணைப்போர் உண்டு. அதன்படி பார்த்தால் சுள்ளி பொறுக்குவதில் பிறந்த சொல் இது. ஜெர்மானியர் நிறத்தை வைத்துப் 'பழுப்புக் கரி' என்றனர். தமிழ்ப் பெயரும் மரத்தை விட்டு நிறத்தையே பற்றியது. நாளிதழ்கள் பெரும்பாலும் பழுப்பையும் உதிர்த்துவிட்டு 'நெய்வேலி நிலக்கரி' என்றே எழுதுகின்றன.

எழுத்தும் முறிப்பும்: ஆங்கில அகராதிகள் இதை ஈரசையாகக் காட்டி, வரி முடிவில் சிறு கோடிட்டு 'லிக்', 'நைட்' எனப் பிரிக்க இடம் தருகின்றன. தமிழ் அச்சில் முறிக்கும் இடத்தில் கோடிடும் கட்டாயம் இல்லை. புள்ளி எழுத்து அடுத்த வரியின் தலையில் ஏறாமல் பார்த்துக்கொண்டால் போதும். அவ்விதிப்படி 'லிக்னைட்' என்பதை ஓரிடத்தில் மட்டுமே முறிக்கலாம்: 'லிக்', 'னைட்'. இரு மொழியிலும் வெட்டு ஒரே இடத்தில் விழுகிறது. இலக்கணத்தோடு மட்டும் இச்சொல் மும்முறை மோதுகிறது. லகரம் தமிழ்ச் சொல்லுக்கு முதலாகாது. ககர மெய்யை அடுத்துக் ககரமே வரும். டகர மெய் ஈற்றில் நில்லாது. மரபை விடாமல் எழுதினால் 'இலிக்கினைட்டு' ஆகும். 'காபனீரொட்சைட்டு' என்றெழுதும் இலங்கைப் பாடநூல் வழக்குக்கு இது அயலாகத் தோன்றாது. நெய்வேலிக் கடைத்தெருவில் இப்படிக் கேட்டால் எதிரே நிற்பவர் சிறிது யோசிப்பார்.

நெய்வேலியில்: பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியின் பாகூர்ப் பகுதியில் லிக்னைட் இருப்பது 1880களிலேயே பதிவாயிற்று. 

1930களின் நடுப்பகுதியில் நெய்வேலி நிலக்கிழார் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு இறக்கியபோது நீரோடு கரிய பொருள் வெளிவந்தது. ஆண்டு 1934 என்றும் 1935 என்றும் கூறப்படுகிறது. தோண்டு கிணறா, துளைக் கிணறா என்பதிலும் நூல்கள் ஒத்துப்போகவில்லை. அவர் அதை அரசின் கவனத்துக்குக் கொண்டுசென்றார் என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு இல்லை. தண்ணீர் தேடியவருக்குக் கரி கிடைத்தது. பின்னாளில் கரி தேடியவர்களைத் தண்ணீர் மறித்தது. 1940களில் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை துளையிட்டுப் படிவத்தின் பரப்பை அறிந்தது. கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீர் சுரங்கத்தின் அடித்தளத்தையே பிளந்துவிடும் என்பதால், ஓயாது இறைத்து அழுத்தத்தைத் தணிப்பதே முதல் வேலையாயிற்று. 1956 நவம்பரில் நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் நிறுவப்பட்டது. 1957 மே 20 அன்று நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். மேல்மண்ணை நீக்கிக் கரியின் முகம் காண 1961 ஆகஸ்டு வரை பொறுக்க வேண்டியிருந்தது. அதில் மரத்தின் இழையோட்டம் கண்ணுக்குத் தெரியும் துண்டுகளும் கிடைத்தன. லிக்னம் என்ற பெயருக்கு இதைவிட நல்ல கரி (சாட்சி என்ற பழைய பொருளிலும்) வேண்டியதில்லை. சோவியத் உதவியோடு அமைந்த அனல் மின் நிலையம் 1962இல் மின்சாரம் தந்தது. லிக்னைட்டைப் பதப்படுத்திச் செய்த 'லெகோ' கட்டிகள் சில பத்தாண்டுகள் அடுப்புகளில் எரிந்தன.

படிவத்தின் வயது மயோசீன் காலம் என நெடுநாள் கொள்ளப்பட்டது. மகரந்தத் துகள்களை ஆய்ந்தோர் சிலர் அதை இயோசீன் வரை பின்தள்ளுவர்.

அண்மை: இந்தியக் கனிமச் சட்டத்தின் முதல் அட்டவணை நிலக்கரியையும் லிக்னைட்டையும் ஒரே இனமாக வைக்கிறது. 2016இல் நிறுவனத்தின் பெயர் என்.எல்.சி. இந்தியா ஆயிற்று, லிக்னைட் அதில் 'எல்' என்னும் ஓரெழுத்தாக எஞ்சியுள்ளது. 2023இல் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பு கிழக்கு ஆகிய டெல்டாப் பகுதிகள் மத்திய அரசின் நிலக்கரிச் சுரங்க ஏலப் பட்டியலில் இடம்பெற்று, தமிழகத்தின் எதிர்ப்பால் நீக்கப்பட்டன.