ஹெடிங்லி விலங்கியல் தோட்டம்: மறைவும் எஞ்சிய தடயங்களும்

லீட்ஸ் விலங்கியல், தாவரவியல் தோட்டம் என்பது இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில், லீட்ஸ் நகரின் வடமேற்குப் புறநகரான ஹெடிங்லியில் 1840 முதல் 1858 வரை இருந்த விக்டோரியா காலத்துப் பூங்கா. ஹெடிங்லி என்றதும் தமிழ் வாசகர்க்கு டெஸ்ட் கிரிக்கெட் மைதானமே நினைவுக்கு வரும். அந்த மைதானத்திலிருந்து சிறிது தூரம் நடந்தால், கார்டிகன் சாலையோரத்தில், வட்டவடிவான இரண்டு சிறு கல் கோபுரங்கள் நிற்கின்றன. அவற்றுக்குப் பின்னே கரடியை அடைத்து வைத்திருந்த ஆழமான குழி இருக்கிறது. தோட்டத்தின் தெளிவான எச்சம் இது ஒன்றே. வழிப்போக்கர்க்கு இது விநோதமான பழங்கட்டடம். வரலாற்றை ஆராய்பவர்க்கோ ஆவணத்துக்கு நிகரான சான்று. தோட்டம் யாருக்கு வாசல் திறந்தது, அதன் நிலம் யார் கையில் இருந்தது என்ற இரண்டு கேள்விகளே அதன் ஆயுளைத் தீர்மானித்தன என்பதை ஹெடிங்லியில் எஞ்சியவையும் எஞ்சாதவையும் சேர்ந்து காட்டுகின்றன.

தோற்றம்

லண்டன் விலங்கியல் சங்கம் 1826இல் தொடங்கப்பட்டது. இரண்டே ஆண்டுகளில் ரீஜண்ட் பூங்காவில் அதன் விலங்குத் தோட்டம் திறக்கப்பட்டதும், பிற நகரங்களும் அந்த வழியைப் பின்பற்ற விரும்பின. டப்ளின் 1831இலும் லிவர்பூல் 1833இலும் பிரிஸ்டல் 1836இலும் தத்தம் தோட்டங்களைத் திறந்தன. லீட்ஸ் அப்போது கம்பளித் துணியும் லினன் நூலும் உற்பத்தி செய்து வேகமாகப் பெருத்துவந்த ஆலை நகரம். 1841ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அதன் மக்கள்தொகை ஒன்றரை லட்சத்தை எட்டியிருந்தது. ஆலைப் புகையும் நெரிசலான குடியிருப்புகளும் 1832ஆம் ஆண்டின் காலராவும் நகரத்தார் நினைவில் பசுமையாக இருந்தன. நல்ல காற்றும் அறிவுக்கு விருந்தும் ஒரே இடத்தில் கிடைக்க வேண்டும் என்ற எண்ணத்தில் 1837இல் நகரப் பிரமுகர்கள் கூடிப் பேசினர். பங்குகள் விற்று நிதி திரட்டும் நிறுவனம் ஒன்று உருவாயிற்று. நகரின் புகைக்கு அப்பால், அன்று கிராமமாகவே இருந்த ஹெடிங்லியில் 20 ஏக்கருக்குச் சற்று மேற்பட்ட சரிவு நிலம் தேர்வாயிற்று. கட்டடக் கலைஞர் வில்லியம் பில்லிண்டனும் தோட்டக் கலைஞர் எட்வர்ட் டேவிஸும் வடிவமைக்க, சுமார் 11,000 பவுண்டு செலவில் குளங்களும் நீரூற்றும் நடைபாதைகளும் உயரமான சுற்றுமதிலும் எழுந்தன. 1840 ஜூலை 8ஆம் நாள் தோட்டம் திறக்கப்பட்டது.

செலவின் பெரும்பகுதி நிலத்தைப் பண்படுத்துவதிலும் கட்டுமானத்திலும் கரைந்துபோனதால் விலங்குகள் வாங்கப் பணம் போதவில்லை. சிங்கமும் யானையும் எதிர்பார்த்து வந்தவர்கள் கரடி, குரங்குகள், ரக்கூன், நரி, கழுகு, அன்னங்கள் எனச் சிலவற்றையே கண்டனர். அவற்றில் கரடிக்குத்தான் தனிக் கட்டடம் வாய்த்தது. கோபுரத்தின் உட்புறச் சுழற்படிகளில் ஏறினால் மேலிருந்து குழிக்குள் பார்க்கலாம். கரடி கீழே நடமாடும், மனிதர் மேலே நின்று பார்ப்பர். நாய்களை ஏவிக் கரடியைக் கடிக்கவிடும் கொடிய பந்தய விளையாட்டை பிரிட்டன் 1835இல்தான் சட்டத்தால் தடை செய்திருந்தது. அதற்கு ஐந்தே ஆண்டுகள் கழித்து எழுந்த இந்தக் குழி, கரடியை வதைத்து மகிழ்வதிலிருந்து நின்று கவனிப்பதற்குச் சமூகம் நகர்ந்ததைக் காட்டுகிறது. ஆனால் விலங்கின் இயல்புக்கேற்ற இருப்பிடம் வேண்டும் என்ற எண்ணம் இன்னும் பிறக்கவில்லை என்பதையும் அதே குழி மறைக்காமல் சொல்கிறது.

வீழ்ச்சி

திறந்த சில காலத்திலேயே ஞாயிற்றுக்கிழமைச் சிக்கல் தலைதூக்கியது. ஓய்வுநாளில் கேளிக்கை கூடாது என்ற சமயப் பற்றாளர்கள் வாசலை மூடச் சொன்னார்கள். உழைப்பாளிக்குக் கிடைக்கும் ஒரே நாளில் மூடினால் தோட்டம் யாருக்கு என்று மறுதரப்பினர் கேட்டார்கள். கேள்வி நியாயமானது. ஆலைகளில் பெண்களும் இளவயதினரும் சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு வேலை முடித்து வீடு திரும்ப வழிசெய்த தொழிற்சாலைச் சட்டம் 1850இல்தான் வந்தது. அதற்கு முன்பு வாரத்தின் ஆறு நாளும் ஆலையிலேயே கழிந்தன. நகரிலிருந்து தொலைவு, நுழைவுக் கட்டணம், ஞாயிறு தகராறு ஆகிய மூன்றும் சேர்ந்து நகரத்தின் மிகப்பெரிய கூட்டத்தை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டன. பங்குதாரர் குடும்பங்களை மட்டும் நம்பி 20 ஏக்கர் தோட்டத்தைப் பராமரிக்க முடியவில்லை. 1848இல் தோட்டம் விற்பனைக்கு வந்தது. லினன் நூல் ஆலைகளால் செல்வம் கொழித்த மார்ஷல் குடும்பத்தைச் சேர்ந்த ஹென்றி கூப்பர் மார்ஷல் அதை வாங்கினார்.

அவரிடமிருந்து குத்தகைக்கு எடுத்த தாமஸ் கிளாபம் தோட்டத்துக்குப் புத்துயிர் கொடுத்தார். இசை நிகழ்ச்சி, வாணவேடிக்கை, விழாக்கள் என்று மக்கள் விரும்புவதைக் கொடுத்தார். 1849இல் திறக்கப்பட்ட லீட்ஸ் – தேர்ஸ்க் ரயில் பாதை இவ்வழியே சென்றதால் கூட்டத்தை அழைத்துவரும் வசதியும் அவருக்கு வாய்த்தது. ஏறத்தாழ பத்தாண்டுகள் இடம் தாக்குப்பிடித்தது. 1858இல் அதுவும் முடிந்தது. கிளாபம் உட்ஹவுஸ் மூர் அருகே ராயல் பார்க் என்ற புதிய பூங்காவுக்குப் போய்விட்டார். ஹெடிங்லி நிலம் சாலையாகவும் மனைகளாகவும் பிரிந்து, வசதியுள்ளோரின் மாளிகைகள் நிறைந்த புறநகராயிற்று.

தடயங்கள் தரும் சான்று

கரடிக் குழி இன்று சட்டப் பாதுகாப்புள்ள பாரம்பரியக் கட்டடங்களின் பட்டியலில் உள்ளது. 1960களில் சிதைந்துகிடந்த அதை, புதிதாகத் தோன்றியிருந்த லீட்ஸ் குடிமை அறக்கட்டளை வாங்கிச் சீரமைத்தது. இந்தச் சின்னத்தைக் கவனித்தால் முதலில் புலப்படுவது பணம் போன திசை. ஒரே விலங்குக்காகக் கோட்டை முகப்பும் கோபுரங்களும் எழுப்பிய நிறுவனம், விலங்குகளைப் பெருக்குவதைவிடத் தோற்றப் பொலிவையே பெரிதாக எண்ணியிருக்கிறது. பங்குதாரர் பெருமைப்படத்தக்க அழகு அதில் உண்டு. வாரந்தோறும் மக்களைத் திரும்ப வரவழைக்கும் சரக்கு இல்லை. அடுத்தது, தோட்டத்தில் இருந்த மற்றவை எங்கே என்ற கேள்வி. குளங்களைத் தூர்க்கலாம், கூண்டுகளைப் பிரித்து விற்கலாம், அரிய செடிகளைப் பெயர்த்து எடுத்துச் செல்லலாம். விற்றால் காசாகக்கூடிய எல்லாம் போயின. தரையில் புதைந்த கனமான கல்வேலையை இடிக்கத்தான் செலவாகும் என்பதால் அது தப்பித்தது. முக்கியமான பொருளே நிலைத்து நிற்கும் என்று நாம் எண்ணிவிடுகிறோம். இங்கே நிலைத்தது விற்பனைக்கு உதவாத பொருள்.

மறுப்புகளும் விடைகளும்

இந்த முடிவுக்கு மூன்று மறுப்புகள் எழலாம். முதலாவது, விலங்குகள் குறைவாக இருந்ததே தோல்விக்குப் போதிய காரணம், ஞாயிறு தகராறையும் நில உரிமையையும் இழுக்க வேண்டியதில்லை என்பது. விலங்குகள் குறைவு என்பது உண்மை. ஆயினும் அதே இடத்தில், கூட்டத்தை வரவேற்ற கிளாபம் பத்தாண்டுகள் தாக்குப்பிடித்தார். மக்கள் வராததற்கு விலங்குகளின் எண்ணிக்கை ஒன்றே காரணமாக இருந்திருந்தால் அது நடந்திருக்காது.

இரண்டாவது மறுப்பு வலுவானது. மான்செஸ்டரின் பெல் வியூ தோட்டமும் தனியார் லாபத்துக்காகவே நடந்தது. 1836இல் ஜான் ஜென்னிசன் தொடங்கிய அது 1977 வரை நிலைத்தது. பிரிஸ்டல் தோட்டமும் பங்குதாரர்களின் முயற்சிதான். 1836 முதல் 2022 வரை கிளிஃப்டன் புறநகரிலேயே இருந்தது. ஆகவே தனியார் கையில் இருந்ததால்தான் லீட்ஸ் தோட்டம் அழிந்தது என எப்படிச் சொல்வது? ஜென்னிசன் இசையும் நடனமும் வாணவேடிக்கையும் உணவும் ஏற்பாடு செய்து, உழைக்கும் மக்கள் உட்படப் பெருங்கூட்டத்தை ஈர்த்தார். லீட்ஸின் பங்குதாரர்கள் மூடிவைத்த வாசலை அவர் அகலத் திறந்தார். அதன் பலன் நூற்றாண்டைத் தாண்டிய ஆயுள். ஆனால் நிலம் பற்றிய கேள்வி அவரது தோட்டத்தையும் விடவில்லை. பெல் வியூ மூடியபின் அங்கும் வீடுகள் எழுந்தன. பிரிஸ்டல் தோட்டம் மூடப்பட்டதும் அதன் நிலத்துக்கு வந்ததும் குடியிருப்புத் திட்டமே. வாசல் திறந்திருந்தால் ஆயுள் நீளும். நிலம் விற்பனைக்கு உரியதாக இருக்கும்வரை அந்த ஆயுளுக்கு உத்தரவாதம் கிடையாது. அரசுக்குரிய ரீஜண்ட் பூங்காவில் உள்ள லண்டன் தோட்டமும், பொதுநிலமான ஃபீனிக்ஸ் பூங்காவில் உள்ள டப்ளின் தோட்டமும் இன்றும் அதே இடத்தில் நடக்கின்றன.

மூன்றாவது மறுப்பு, ஒரு குழியை வைத்து இவ்வளவு பெரிய முடிவுக்கு வரலாமா என்பது. ஒற்றைச் சான்றை மட்டும் நம்புவது தவறுதான். அதனால்தான் பக்கத்து நகரமான ஷெஃபீல்டைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1836இல் ராபர்ட் மார்னக் வடிவமைத்துத் திறந்த ஷெஃபீல்டு தாவரவியல் தோட்டத்திலும் கரடிக் குழி இருக்கிறது. அங்கும் சந்தாவை நம்பிய முதல் சங்கம் பணமுடையில் சிக்கி, 1844இல் தோட்டம் இரண்டாவது சங்கத்தின் கைக்கு மாறியது. ஆனால் 1898இல் நகர அறங்காவலர்கள் பொறுப்பேற்று அனைவருக்கும் இலவசமாகத் திறந்தார்கள். ஏறத்தாழ ஒரே காலத்தில், ஒரே மாவட்டத்தில், ஒரே வகை முயற்சியாகத் தொடங்கியவற்றுள் ஒன்றில் குழியைச் சுற்றித் தோட்டம் இன்றும் பூக்கிறது, மற்றொன்றில் குழியைச் சுற்றி வீடுகள் நிற்கின்றன. இரண்டுக்கும் இடையே உள்ள பெரிய வேறுபாடு, நிலம் கடைசியில் பொதுக்கைக்கு வந்ததா என்பதே.

மதிப்பீடு

லீட்ஸ் நகரமும் இந்தப் பாடத்தைத் தாமதமாகவேனும் கற்றது. தோட்டம் மூடுவதற்கு முந்தைய ஆண்டான 1857இல் நகராட்சி உட்ஹவுஸ் மூர் திடலை விலைக்கு வாங்கியது. ஜான் பாரன் மேயராக இருந்தபோது, 1871இல், ரவுண்ட்ஹே பூங்காவும் வந்து சேர்ந்தது. இரண்டும் இன்றும் பொதுவெளிகளாகவே இருக்கின்றன. ஹெடிங்லித் தோட்டத்தை நிறுவியவர்களின் நல்ல நோக்கத்தில் ஐயம் கொள்ள வேண்டியதில்லை. நல்ல காற்றும் அறிவும் நகரத்துக்கு வேண்டும் என்று அவர்கள் உண்மையாகவே விரும்பினார்கள். ஆனால் அந்த நகரத்தில் ஆலைத் தொழிலாளியும் அடக்கம் என்பதை வாசலில் நிலைநாட்டத் தவறினார்கள். அவர்கள் கட்டியவற்றுள் இன்று முழுமையாக நிற்கும் கரடிக் குழியும்கூட, 1966இல் ஓர் அறக்கட்டளை அதைப் பொதுநலனுக்காக வாங்கியதனாலேயே காப்பாற்றப்பட்டது. பொதுவுக்கென எழுப்புவதைப் பொதுவின் உடைமையாக்காவிட்டால் அது நிலைக்காது என்பதே ஹெடிங்லியின் வரலாறு தரும் தீர்ப்பு.