சிறையிலே கூடிய நகரசபை

உள்ளூராட்சி என்றதும் நம்மிற் பலருக்கு நினைவுக்கு வருவன தெருவிளக்கும் வாய்க்காலும் சோலைவரித் துண்டுமேயாம். ஆட்சியின் கடைசிப் படியில் நிற்கும் இச் சிறு சபைகள் ஒன்றுசேர்ந்து, ஒரு பேரரசின் பாராளுமன்றத்தைக் கொண்டே சட்டமொன்றை மாற்றுவித்தன என்று கூறினால் வகுப்பறையில் மாணவர் நகைக்கின்றனர். ஆயினும் 1921ஆம் ஆண்டு, இலண்டனின் கிழக்குப் பகுதியிலே அது நடந்தது.

அன்றைய இலண்டன் 28 நகரப் பிரிவுகளாக வகுக்கப்பட்டிருந்தது. ஒவ்வொன்றுக்கும் தனிச் சபை, தனி மேயர். கட்டிடங்களின் ஆண்டு வாடகைப் பெறுமதியை மதிப்பிட்டுச் சபைகள் வரி அறவிட்டன. வேலையற்றோருக்கும் விதவைகளுக்கும் முதியோருக்கும் அளிக்கப்பட்ட ஏழைகள் நிவாரணமும் அந்தந்தப் பகுதியின் வரிப்பணத்திலிருந்தே வரவேண்டும். அநீதியின் வேர் இங்கேதான் இருந்தது. மாளிகைகளும் வங்கிகளும் நிறைந்த வெஸ்ற்மின்ஸ்ரரில் மதிப்புயர்ந்த கட்டிடங்கள் பல. நிவாரணம் வேண்டி நிற்போர் சிலர். துறைமுகத்தை அண்டிய பொப்லாரிலோ நிலைமை நேர்மாறானது. ஒரே விகிதத்தில் வரி விதித்தாலும் முன்னதற்குப் பொருள் குவியும். பின்னதற்குச் சில்லறையே சேரும். எனவே வறிய பகுதி தன் வறியவரைக் காக்கவேண்டுமாயின் வறியவரிடமே மிகுதியான வரியை வாங்கவேண்டும். 1867ஆம் ஆண்டிலேயே மாநகர் முழுமைக்குமாக ஒரு பொது நிதி ஏற்படுத்தப்பட்டிருந்தது உண்மையே. ஆனால் அது பெரும்பாலும் ஏழைகள் விடுதியில் அடைபட்டோருக்கே பயன்பட்டது. வீட்டிலிருந்தவாறே உதவி பெற்றோரின் சுமை அவ்வப் பகுதியின் தலையிலேயே கிடந்தது. இலண்டன் முழுவதும் உண்ணும் பண்டங்களைக் கப்பலிலிருந்து இறக்கியவன் பொப்லாரில் வாழ்ந்தான். கப்பல் வராத நாளின் பசியை மட்டும் பொப்லார் தனியே தாங்கவேண்டுமென்பது அன்றைய நியாயம்! இதற்கு 'உள்ளூர்ச் சுயாதீனம்' என்ற அழகிய பெயரும் இருந்தது.

1919ஆம் ஆண்டுத் தேர்தலில் பொப்லார் சபையின் 42 ஆசனங்களுள் 39ஐத் தொழிற்கட்சி கைப்பற்றியது. ஜோர்ஜ் லான்ஸ்பரி மேயரானார். துறைமுகத் தொழிலாளரும் ரயில்வேத் தொழிலாளரும் குடும்பப் பெண்களும் சபையிலே அமர்ந்தனர். மறு ஆண்டு, சபை ஊழியர் அனைவருக்கும், ஆண் பெண் வேறுபாடின்றி, வாரத்துக்கு 4 பவுண் குறைந்தபட்ச ஊதியம் என விதித்தனர். அயற்பகுதியாகிய ஸ்ரெப்னியில், பிற்காலத்திற் பிரதமரான கிளெமன்ற் அட்லி மேயராயிருந்தார். 1920 ஒக்டோபரில் தொழிற்கட்சி மேயர்கள் கூட்டாகப் பிரதமர் லொயிட் ஜோர்ஜைச் சந்தித்து, வேலையில்லாத் திண்டாட்டம் பற்றி முறையிட்டனர். அவர்களுடன் வந்த வேலையற்ற மக்களுக்குக் கிடைத்த விடை பொலிசாரின் குண்டாந்தடி.

மனுக்கொடுத்துப் பயனில்லை என்று கண்ட பொப்லார், 1921 மார்ச்சிலே துணிந்தொரு முடிவெடுத்தது. இலண்டன் கவுண்டி சபை, பொலிஸ், நீர்வழங்கற் சபை, வைத்தியநிலையங்களை நடத்திய சபை ஆகிய நான்கு மாநகர நிறுவனங்களுக்காகவும் ஒவ்வொரு பிரிவும் வரி தண்டிக் கொடுத்தல் வழக்கம். அப்பணத்தை இனித் தண்டுவதில்லை எனச் சபை தீர்மானித்தது. வழக்குத் தொடரப்பட்டது. ஜூலை 29ஆம் நாள் மேயர் சாம் மார்ச் பதவிச் சங்கிலி அணிந்து, செங்கோல் முன்செல்ல, உறுப்பினரும் பொதுமக்களுமாக நடந்தே நீதிமன்றஞ் சென்றனர். ஒருகால் சிறைக்கும் செல்கிறோம் என்று அவர்கள் ஏந்திய பதாகையே அறிவித்தது. செப்டெம்பர் தொடக்கத்தில் 30 உறுப்பினர் கைதாயினர். ஆண்கள் பிறிக்ஸ்ரன் சிறைக்கும், பெண்கள் ஐவரும் ஹொலோவே சிறைக்கும் அனுப்பப்பட்டனர். அப்பெண்களுள் நெல்லி கிறெசல் நிறைகர்ப்பிணி.

சிறைக்குள்ளும் சபை கலையவில்லை. தம் அலுவலை நடத்த அனுமதி வேண்டும் என வாதாடி, பிறிக்ஸ்ரன் சிறையிலேயே கூட்டங்கள் கூட்டினர். ஹொலோவேயிலிருந்த பெண் உறுப்பினர் அதற்கென அழைத்துவரப்பட்டனர். சிறைக் கம்பிகளூடே லான்ஸ்பரி வெளியே திரண்ட மக்களுக்கு உரையாற்றினார்.

ஆயினும் தொழிற்கட்சி மேயர்கள் யாவரும் ஒருமனத்தினர் அல்லர் என்பதை மறைத்தல் தகாது. ஹக்னி மேயரான ஹேர்பேட் மொறிசன், சட்டமீறல் கட்சியின் நற்பெயரைக் கெடுக்குமென அஞ்சினார். அவரும் ஏனைய மேயர்களும், ஸ்கொற்லாந்தின் கெயர்லொக்கில் ஓய்விலிருந்த லொயிட் ஜோர்ஜைத் தேடிச் சென்று பேசினர். இந்த மிதவாதத்தை எள்ளி நகையாடுதல் எளிது. எனினும் நான் அதனை முற்றாகப் புறக்கணிக்கமாட்டேன். சிறையிலே 30 பேர் இருந்தமையாலேயே அம்மேயர்களின் சொல்லுக்குக் கனம் உண்டாயிற்று. மேயர்கள் பேசத் தயாராயிருந்தமையால் அரசாங்கத்துக்கும் மானங்குலையாமல் இறங்கிவர ஒரு படிக்கட்டு அமைந்தது. ஆனால் உண்மையில் அரசாங்கத்தைக் கலக்கியது வேறொன்று. ஸ்ரெப்னி, பெத்னல் கிறீன் ஆகிய அயற்சபைகள் இரண்டும் பொப்லாரின் வழியைத் தாமும் பின்பற்றுவதெனத் தீர்மானித்தன. ஒரு சபையைச் சிறையிலடைக்கலாம். கிழக்கு இலண்டனையே அடைக்கச் சிறை ஏது?

சுகாதார அமைச்சர் சேர் அல்பிரட் மொண்ட், இலண்டனின் உள்ளூராட்சி அமைப்புகள் அனைத்தையும் மாநாட்டுக்கு அழைத்தார். அதிலே பங்குபற்றும் பொருட்டு ஒக்டோபர் 12ஆம் நாள் பொப்லார் உறுப்பினரை நீதிமன்றம் விடுவித்தது. நவம்பரிற் சட்டம் நிறைவேறியது. வீட்டிலிருந்து உதவி பெறுவோருக்கான செலவும் மாநகரப் பொது நிதிக்கு மாற்றப்பட்டது. செல்வப் பகுதிகள் தம் பங்கைச் செலுத்த நேர்ந்தது.

வெற்றி முழுமையானதன்று. பொது நிதியிலிருந்து எவ்வளவு தரலாமென அமைச்சர் ஓர் அளவு விதித்தார். பசித்தவனுக்கு அதற்கு மேலும் கொடுத்த பொப்லார் மீண்டும் மீண்டும் அரசாங்கத்துடன் மோதியது. 1925இல், அந்த 4 பவுண் ஊதியமும் நியாயமற்ற செலவென்று பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. கூலி எவ்வளவு நியாயமானது என்பதை அறுதியிட அந்நீதிபதிகளுக்கு என்ன அனுபவம் இருந்ததோ!

சிறைசென்ற பெண்களுள் மின்னி லான்ஸ்பரி என்பவர் ஜோர்ஜ் லான்ஸ்பரியின் மருமகள். ஆசிரியத் தொழிலை விட்டுப் பெண்களின் வாக்குரிமைக்காகவும் போரில் இறந்தோரின் குடும்பங்களுக்காகவும் உழைத்தவர். விடுதலையாகி மூன்று மாதங்கூட நிறையவில்லை. 1922 ஜனவரி முதலாம் நாள் நிமோனியாக் காய்ச்சலால் இறந்தார். அப்போது அவருக்கு வயது 32. அவர் நினைவாக அமைத்த மணிக்கூடு ஒன்று போ வீதியிலே இருக்கிறது.