அப்துலாய் கொனாத்தே: தாயத்து தைத்த துணிக்கலை

மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில் மாண்டே வேட்டைக்காரர்கள் அணியும் பருத்திச் சட்டை வெறும் உடையன்று. குறுகிய பட்டைகளாக நெய்த துணியை இணைத்துத் தைத்து, மண்ணிறச் சாயம் ஏற்றி, அதன்மேல் தோல் உறைத் தாயத்துகள், கொம்பு, விலங்கு நகம் ஆகியவற்றைக் கட்டுவர். உறைக்குள் மூலிகையோ குர்ஆன் வசனம் எழுதிய தாளோ இருக்கும். அனுபவம் ஏற ஏறத் தாயத்துகளும் கூடும். எனவே சட்டையைப் பார்த்தே ஒருவரது வேட்டை வாழ்வை ஓரளவு அறியலாம். எழுத்தில்லாத வரலாற்றுச் சான்று என்றே இதைச் சொல்வேன்.

1953-இல் திரே என்னும் ஊரில் பிறந்தவர் அப்துலாய் கொனாத்தே. பமாக்கோவிலும் கியூபாவின் அவானாவிலும் கலை பயின்றார். ஓவியராகத் தொடங்கியவர், பின்னர் துணிக்கு மாறினார். பருத்தி விளையும் நாட்டில் அது இயல்பே. 1994-இல் 'மாண்டே வேட்டைக்காரர்களுக்கு வணக்கம்' என்னும் பெரிய படைப்பைத் தாயத்துகள் கொண்டு உருவாக்கினார். 1996-இல் டக்கார் ஈராண்டுக் கலைவிழாவில் செங்கோர் பரிசு பெற்றார்.

பின்னர் அவர் செய்தது இன்னும் துணிச்சலானது: 'இசுரேலுக்கும் பாலத்தீனத்துக்கும் தாயத்து'. வேட்டைக்காரரின் சட்டை அணிந்தவரை மட்டுமே காக்கும். இங்கோ, மோதும் இரு தரப்புக்கும் சேர்த்து ஒரே காப்பு வேண்டப்படுகிறது. 2007-இல் செருமனியின் காசெல் நகரில் நடந்த டாக்குமென்டா கண்காட்சியில் இது இடம்பெற்றது.