குமுதினி, தலைக்காயம், ஓர் இரவுக் குளிசை

குறிகட்டுவான் துறையில் படகேறிப் பழகியவர்கள் முதலில் தலையைக் குனிவார்கள், பிறகுதான் காலை உள்ளே வைப்பார்கள். 1990 ஒக்டோபருக்கு முன்னர் வாப்பாவோடும், ஊர் திரும்பிய பின் தனியாகவும், புடவைப் பொட்டணியுடன் நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் போய்வந்த எனக்கு இது தெரியாததல்ல. 2018 ஆடி மாதம், சோளகக் காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில் குனிய மறந்துவிட்டேன். அலை படகைத் தூக்கியது. வாசல் மரம் நெற்றிக்கு மேலே இடித்தது. இரத்தம் வரவில்லை. மயங்கி விழவுமில்லை. "நானா, இருங்கோ, தண்ணி குடியுங்கோ" என்று ஒருவர் போத்தலை நீட்டினார். குடித்துவிட்டு நெடுந்தீவுக்குப் போய் வியாபாரமும் செய்து திரும்பினேன்.

மூன்றாம் நாள்தான் தொடங்கியது. வெயிலைப் பார்க்க முடியவில்லை. எந்த வாடிக்கையாளர் எவ்வளவு தர வேண்டும் என்பது மறந்து போனது. ஐந்து வேளையும் கேட்டுப் பழகிய பாங்கொலி காதைக் குத்தியது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான். இரவு இரண்டு மணிக்கு விழித்தால் சுபஹு வரை நித்திரை இல்லை. பேரப்பிள்ளை ஒரு கோப்பையைக் கீழே போட்டதற்கு நான் போட்ட சத்தத்தில் அவன் மூன்று நாள் என் பக்கமே வரவில்லை. ஸ்கான் எடுத்தார்கள். "ஒன்றுமில்லை" என்றார்கள். ஒன்றுமில்லை என்ற சொல் ஒரு நோயாளிக்கு எத்தனை பெரிய பாரம் என்பதை அன்றைக்குத்தான் அறிந்தேன்.

ஆறாவது வாரம் ஒரு டொக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு அமிட்ரிப்டிலின் பத்து மில்லிகிராம் எழுதினார், இரவில் ஒன்று. மருந்துக் கடையில் நின்ற இளைஞர் துண்டை வாசித்துவிட்டு, வரிசையில் நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி, "இது மனச்சோர்வுக்குக் குடுக்கிறதல்லோ" என்றார். எங்கள் பக்கத்தில் அதற்கு வேறு பெயர்: விசர்க் குளிசை. தெற்கில் அங்கொடை என்றால் என்ன பொருளோ, குடாநாட்டில் தெல்லிப்பழை என்றால் அதுதான் பொருள், அங்கே உளமருத்துவப் பிரிவு இருந்த காரணத்தால். ஒன்பது நாள் குடித்தேன். வாய் உலர்ந்தது, காலையில் கண் இமை கனத்தது. பத்தாம் நாள் யாருக்கும் சொல்லாமல் நிறுத்தி, எஞ்சிய குளிசைகளைப் பழைய கணக்குக் கொப்பிக்குள் ஒளித்து வைத்தேன்.

தலையில் மரம் இடித்தவனுக்கு மனதுக்கான மருந்து எதற்கு? இந்தக் கேள்வியோடு புத்தகங்களைத் தேடத் தொடங்கினேன். தலையிடி விட்ட நேரங்களில் அரை மணி நேரம்தான் வாசிக்க முடிந்தது.

மூளை அதிர்ச்சியை, அதாவது மண்டை உடையாமலே மூளையின் தொழில் சிறிது நேரம் குழம்பிப் போவதை, ஏனைய கடும் மூளைக் காயங்களிலிருந்து முதலில் பிரித்துக் கண்டவர் அபூபக்கர் அர்ராஸி என மருத்துவ வரலாற்றாசிரியர்கள் கூறுவர். அவர் 925ஆம் ஆண்டளவில் காலமானவர். அவருடைய காலத்திலேயே வாழ்ந்து 934இல் காலமான அபூஸைத் அல்பல்கி, உடல், உள்ளம் இரண்டின் நலனையும் ஒரே நூலில் வைத்து எழுதினார். வைத்தியர்கள் உடலை மட்டும் பார்த்து உள்ளத்தைக் கைவிடுகிறார்கள் என்பது அவரது குறை. துக்கத்தையும் அவர் பிரித்தார். இழப்பினால் வரும் துக்கம் ஒன்று, காரணமே தெரியாமல் வருவது இன்னொன்று. பின்னதன் வேர் உடலில் உண்டு என்றும், அதற்கு உடல் வைத்தியமும் வேண்டும் என்றும் சொன்னார். ஆயிரம் வருடத்துக்கு முன்னர் இவ்வளவு தெளிவாகச் சொல்லப்பட்டதை நாங்கள் பெருமைக்கு எடுத்துக் காட்டுவோம். குளிசை குடிக்க மட்டும் வெட்கப்படுவோம்.

மேற்கில் இந்த வழக்கு புகையிரதத்தோடு சூடு பிடித்தது. விபத்தில் எலும்பு முறியாமல் தப்பியவர்கள் மாதக்கணக்கில் நித்திரையின்றி, ஞாபகமின்றி அலைந்தார்கள். லண்டன் சத்திரசிகிச்சை நிபுணர் ஜோன் எரிக் எரிக்சன் 1866இல் இதை நரம்புத் தொகுதிக்கு ஏற்பட்ட காயம் என்று எழுதினார். 1883இல் ஹேர்பேர்ட் பேஜ், இது பெரும்பாலும் பயத்தின் விளைவு என்று மறுத்தார். பேஜ் ஒரு புகையிரதக் கம்பனியின் வைத்தியர் என்பதை வாசகர்கள் கவனத்திற் கொள்ள வேண்டும். காயம் என்றால் கம்பனி நட்டஈடு கட்ட வேண்டும், பயம் என்றால் கட்டத் தேவையில்லை. 1915இல் சார்ள்ஸ் மையர்ஸ் போர்முனைச் சிப்பாய்களின் 'ஷெல் அதிர்ச்சி' பற்றி எழுதியபோதும் உடலா உள்ளமா என்ற அதே வழக்குத்தான். 1934இல் ஸ்ட்ராஸ், சவிட்ஸ்கி என்ற இருவர் இதற்கு 'மூளை அதிர்ச்சிக்குப் பிந்திய நோய்க்குறித் தொகுதி' என்று பெயரிட்டு, வேர் மூளையில்தான் என்றனர். 1961இல் ஹென்றி மில்லர், நட்டஈடு கைக்கு வந்தால் நோயும் போய்விடும் என்று எழுதினார். பணம் கிடைத்த பின்னும் நோய் போகாதவர்கள் பலர் என்பதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. 'ஒன்றுமில்லை' என்ற சொல்லுக்குப் பின்னால் இத்தனை பேர் நின்றிருக்கிறார்கள்.

நான் தலையிடித்துக்கொண்ட அதே கடற்பாதையில் 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினி படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டது. பெண்களும் குழந்தைகளும் இருந்த அந்தப் படகில் குறைந்தது இருபத்து மூன்று பேர் கத்தி, கோடரி போன்றவற்றால் கொல்லப்பட்டனர். வந்தவர்கள் கடற்படையினர் என்று தப்பியவர்கள் சொன்னதை சர்வதேச மன்னிப்புச் சபை பதிவு செய்தது. அந்தப் படகே திருத்தப்பட்டுப் பின்னரும் பல வருடங்கள் சனங்களை ஏற்றி இறக்கியது. நானும் அதில் போயிருக்கிறேன். காயப்பட்டு உயிர் தப்பியவர்களைப் பற்றி நான் வாசித்த அளவில், வெட்டுக் காயங்களின் விபரம் இருக்கிறது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன கதை இருக்கிறது. ஆறு மாதத்துக்குப் பின் அவர்களுக்கு வெயில் கூசியதா, நித்திரை வந்ததா, பிள்ளைகள் மேல் எரிந்து விழுந்தார்களா என்று ஒரு வரிகூட இல்லை. என் மரக்கட்டை இடியை அந்தக் காயங்களோடு ஒப்பிடுவது நியாயமல்ல. ஆனால் காயம் ஆறிய பின் வரும் நோயை எழுதி வைக்கும் பழக்கம் எங்களிடம் இல்லை என்பது அங்கேதான் எனக்கு உறைத்தது. 1990 ஒக்டோபர் 30ஐப் பற்றி நாங்கள் எழுதியவற்றிலும் இழந்த வீடு, நகை, கடை எல்லாம் கணக்கில் உண்டு, புத்தளம் முகாமில் என் உம்மா வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்த தலையிடி இல்லை. போர்க்கால யாழ்ப்பாணத்தில் உளமருத்துவம் பார்த்த பேராசிரியர் தயா சோமசுந்தரம், எங்கள் சனம் மனத்துயரைத் தலையிடி, நெஞ்செரிவு, கைகால் உளைவு என்று உடம்பின் பாஷையிலேயே சொல்வதை எழுதியிருக்கிறார். உம்மா சொன்னதும் அந்தப் பாஷையில்தான். நாங்கள் பனடோல் வாங்கிக் கொடுத்தோம்.

குளிசையின் பக்கம் வருகிறேன். அதன் சரித்திரமும் நேர் வழியில் வந்ததல்ல. 1952இல் நியூயோர்க்கின் சீ வியூ ஆஸ்பத்திரியில் சயரோகத்துக்குக் கொடுத்த இப்ரோனியாசிட் என்ற மருந்து நோயாளிகளை உற்சாகப்படுத்தியது. சுவிற்சர்லாந்தில் றோலண்ட் கூன், வேறொரு மனநோய்க்குப் பரீட்சித்துப் பயன்படாமல் போன இமிப்ரமினை மனச்சோர்வுக்குக் கொடுத்துப் பார்த்து, பலன் கண்டு, 1957இல் எழுதினார். அமிட்ரிப்டிலின் அதன் நெருங்கிய உறவு. அது 1961இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மூன்றே வருடத்தில், 1964இல், அவுஸ்திரேலியாவின் ஜேம்ஸ் லான்ஸும் கரனும் நாட்பட்ட தலையிடிக்கு அது உதவுகிறது என்று லான்செட் சஞ்சிகையில் எழுதினர். மனச்சோர்வு இல்லாதவர்களின் தலையிடியையும் அது குறைக்கும் என்பது பிறகு தெளிவானது. உலக சுகாதார நிறுவனம் 1977இல் வெளியிட்ட முதல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே அதற்கு இடம் கிடைத்தது.

மனச்சோர்வுக்குக் கொடுக்கும் அளவு பெரும்பாலும் எழுபத்தைந்து மில்லிகிராமுக்கு மேல். எனக்குத் தந்தது பத்து. தலையிடிக்கும் நித்திரைக்கும்தான் தந்திருக்கிறார்கள். மூளை அதிர்ச்சியை முற்றாக மாற்றும் குளிசை என்று ஒன்று இன்றுவரை இல்லை. பெரும்பாலானோர் சில வாரங்களில் தாமாகவே தேறிவிடுவர். நாட்படுகிற சிலருக்கு எந்தத் தொல்லை முன்னிற்கிறதோ அதற்கு மருந்து கொடுக்கிறார்கள். ஆனால் 'எனக்குத் தலையிடிதான், மனச்சோர்வில்லை' என்று மார்தட்டவும் எனக்கு வாயில்லை. 2019இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வின்படி, இலேசான மூளைக் காயம் பட்டவர்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு ஆறு மாதத்துக்குள் மனச்சோர்வோ மனவடு நோயோ காணப்பட்டது. பேரனைத் திட்டிய பிறகு குளியலறையில் நின்று அழுத மனிதனுக்கு வந்தது எது? டொக்டரிடம் இதை நான் சொல்லவேயில்லை.

கணக்குக் கொப்பியை மனைவிதான் கண்டுபிடித்தாள். ஏசவில்லை. குளிசை அட்டையை மேசையில் வைத்துவிட்டு, "அப்ப உம்மாக்கும் இது குடுத்திருக்கலாம் என்ன" என்றாள். அந்த வாரமே டொக்டரிடம் திரும்பிப் போனேன், அழுததையும் சேர்த்துச் சொன்னேன். அவர் அளவைச் சற்றுக் கூட்டினார், தானாக நிறுத்தக் கூடாது என்றார். எட்டு மாதம் குடித்தேன். பிறகு அவர் சொன்னபடியே படிப்படியாகக் குறைத்து விட்டோம். தலையிடி போனது குளிசையாலா, நாள் போனதாலா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. நித்திரை முதலில் வந்தது, மற்றவை அதன் பின்னால் வந்தன.

மறுபடி நெடுந்தீவுக்குப் போன முதல் நாள் வாசலில் நன்றாகக் குனிந்தேன். பக்கத்தில் இருந்த வயதான அம்மா ஒருவர், "நீங்கள் தானே தலையில அடிபட்ட துணிக்கார நானா? இப்ப நித்திரை வருதோ?" என்று கேட்டார். ஆஸ்பத்திரிக்கு வெளியே அதை யாரும் கேட்டதில்லை. ஒரு குளிசை குடிப்பதாகச் சொன்னேன், அதன் பெயரையும் சொன்னேன். "எனக்கும் இராவில ஒண்டு தந்திருக்கினம், கனகாலம்" என்றார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. அவர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். படகு நயினாதீவைத் தாண்டிக்கொண்டிருந்தது.